படத்தின் பின்பக்கம்: பழைய குடும்பப் புகைப்படங்களில் ஆளும் ஊரும் அறிதல்

ஜி. ஆர். லாம்பர்ட் என்ற ஜெர்மானியர் 1867ஆம் ஆண்டு சிங்கப்பூரில் ஒரு புகைப்பட நிலையத்தைத் தொடங்கினார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் இத்தீவின் முதன்மையான நிலையமாக அது விளங்கியது. துறைமுகம், ஆற்றங்கரை, ஆளுநர் மாளிகை ஆகியவற்றோடு இங்கு வாழ்ந்த மக்களையும் அந்நிலையத்தார் படமெடுத்து விற்றனர். அக்காலப் படங்களிலும் அஞ்சலட்டைகளிலும் நம்மவர் பலர் இருக்கின்றனர். மாட்டுவண்டி ஓட்டுபவர், பால் விற்பவர், மூக்குத்தியும் தண்டட்டியும் அணிந்த பெண் எனப் பல முகங்கள். ஆனால் ஒருவருக்கும் பெயர் இல்லை. படத்தின் கீழே 'கிளிங் பெண்', 'கிளிங் ஆண்' போன்ற ஒற்றைத் தொடர்தான் காணப்படும். கலிங்கம் என்ற பெயரின் வழிவந்ததாகப் பலரும் கருதும் 'கிளிங்' என்னும் சொல், மலாய் மொழியில் தென்னிந்தியரைக் குறிக்கும் பொதுச் சொல்லாக இருந்து பின்னர் இழிவுப் பொருள் ஏறியது என்பதை நாம் அறிவோம். ஒரு மனிதரின் பெயர் நின்றிருக்க வேண்டிய இடத்தில் ஓர் இனப் பெயர் நின்றுவிட்டது.

இதற்கு நேர் எதிரான ஆவணம் ஒன்று உண்டு. அது நம் வீடுகளில் பிஸ்கட் டின்களிலும் அலமாரித் தட்டுகளிலும் கிடக்கின்ற குடும்பப் படம். அதில் இருப்பவர் விரும்பி, உடுத்தி, பணம் கொடுத்து நின்றவர். எடுத்தவர் கண்ணுக்கு அவர் ஒரு வகைமாதிரி அல்லர். ஆயினும் இரண்டு தலைமுறை கழிந்தபின் இந்தப் படமும் லாம்பர்ட்டின் படம்போலப் பெயரற்றதாகிவிடுகிறது. காரணம் எளியது. படத்தை வைத்திருந்தவர்களுக்குப் பெயர் எழுதவேண்டிய தேவையே எழவில்லை. 'மாமா' என்றால் போதும். எந்த மாமா என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தவர்கள் மறைந்தபின் 'மாமா' என்ற சொல் மட்டும் மிஞ்சுகிறது.

அந்தச் சொல்லிலிருந்து ஆளுக்குத் திரும்பிச் செல்ல வழி உண்டா என்பதே இவ்வுரையின் பொருள். வழி உண்டு, அதில் பாதிக்குமேல் மொழியின் வழி என்பது நம் கருத்து. முகச்சாயலைக் கண்டு 'இவர் நம் தாத்தாபோல் இருக்கிறார்' என்று முடிவு கட்டுவது நம்மிடையே பெரிதும் நடக்கிறது. சாயல் ஒரு தொடக்கம் ஆகலாம், சான்று ஆகாது. உடன்பிறந்தார் மூவர் ஒரே வயதில் ஒரே சாயலில் இருப்பது எல்லாக் குடும்பங்களிலும் உள்ளதே.

படத்தைச் சொல்லால் அறிய முடியும் என்பதற்கு உலகறிந்த சான்று ஒன்றைக் கூறலாம். அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1863 ஜூலையில் கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் ஒரு வீரர் இறந்துகிடந்தார். அவர் யாரென்று காட்டும் எதுவும் உடலில் இல்லை. மூன்று குழந்தைகள் அமர்ந்திருக்கும் கண்ணாடிப் படம் ஒன்று மட்டும் கையில் இருந்தது. அந்நாளில் செய்தித்தாள்கள் புகைப்படத்தை அப்படியே அச்சிட இயலாது. எனவே படத்தைச் சொற்களால் வருணித்து வெளியிட்டார்கள். குழந்தைகளின் ஏறத்தாழ வயது என்ன, யார் எங்கே அமர்ந்திருக்கிறார்கள், மூத்தவனின் சட்டையும் சிறுமியின் கவுனும் ஒரே துணியில் தைக்கப்பட்டிருப்பது ஆகியவை எழுதப்பட்டன. நியூயார்க் மாநிலத்தின் போர்ட்வில் என்னும் சிற்றூரில் ஒரு பெண் அவ்வருணனையைப் படித்து, அவை தம் பிள்ளைகள் என்றும் இறந்தவர் தம் கணவர் ஏமஸ் ஹியூமிஸ்டன் என்றும் அறிந்தார். படத்தைக் காணுமுன்னரே சொல் அவரைச் சென்று சேர்ந்துவிட்டது. மாணவர்களிடம் ஒரு பழைய படத்தைக் கொடுக்கும்போது, 'இது யார்?' என்று கேட்பதற்கு முன் 'என்ன தெரிகிறது, எழுது' என்று சொல்வதே முறை. துணி, நகை, நாற்காலி, நிற்கும் வரிசை, யார் கை யார் தோளில் என அனைத்தும் எழுதப்படவேண்டும்.

அடுத்து, படத்தைத் திருப்பவேண்டும். பழந்தமிழ்க் கையெழுத்தைப் படித்துப் பழகாத இளையோர் இங்கே வழுக்கும் இடங்கள் பல. 'ம.ரா.ரா.ஸ்ரீ' என்று தொடங்கும் பெயரில் முதல் மூன்றும் தலைப்பெழுத்துகள் அல்ல. 'மகாராஜராஜஸ்ரீ' என்னும் மரியாதைத் தொடரின் சுருக்கம். 'சி. கந்தசாமி' என்றிருந்தால் தந்தை பெயர் சின்னையாவோ சிதம்பரமோ என்று தேடப் புகுமுன், அது 'சிரஞ்சீவி' என்பதன் சுருக்கமா என்று பார்க்கவேண்டும். ஆம் எனில் எழுதியவர் வயதில் மூத்தவர், எழுதப்பட்டவர் இளையவர் என்ற செய்தி அங்கேயே கிடைக்கிறது. 'சௌ.' என்பது சௌபாக்கியவதி. அப்பெண் சுமங்கலியாக இருந்தபோது எழுதியது. நகரத்தார் பெயருக்குமுன் வரும் எழுத்துகளோ முற்றிலும் வேறு வகை. அவற்றை 'விலாசம்' என்பர். முன்னோர் பெயரையும் தொழில் நடத்திய குடும்ப நிறுவனத்தையும் அவை சுட்டும். ஓர் எழுத்துக்கூட விடாமல் அவற்றைப் படியெடுக்க வேண்டும்.

நாள் குறிப்பிலும் இதே கவனம் தேவை. ௳ நாள், ௴ மாதம், ௵ ஆண்டு என்னும் குறியீடுகளை இன்றைய மாணவர் பலர் கிறுக்கல் என்று கடந்துவிடுகின்றனர். ஆண்டும் பலவேளை அறுபதாண்டு வட்டத்தின் பெயராகவே இருக்கும். 'தாது ௵ தை ௴' என்று ஒரு படத்தின் பின்னே இருப்பதாக வைத்துக்கொள்வோம். தாது 1876–77இலும் வந்தது. தமிழகம் 'தாது வருடப் பஞ்சம்' என்று நினைவில் வைத்திருப்பது அதனையே. பின்னர் 1936–37இலும் வந்தது. படத்தின் பின்புறம் அஞ்சலட்டையாக அச்சிடப்பட்டிருந்தால் முதலாவது இயலாது; ஆகவே அது 1937ஆம் ஆண்டு ஜனவரி நடுப்பகுதிக்கும் பிப்ரவரி நடுப்பகுதிக்கும் இடைப்பட்டது. தாது என்றதும் 1936 என்று எழுதிவிட்டால் ஓராண்டு பிழைபடும். ஆண்டு சித்திரையில் தொடங்கித் தை அடுத்த ஆங்கில ஆண்டில் விழுவதால் வரும் பிழை இது.

எழுத்துவடிவமும் பேசும். ணை, லை, னை, றா, னா ஆகியவற்றின் இன்றைய வடிவங்களைப் பெரியார் தம் 'குடி அரசு' இதழில் 1935 முதல் புழங்கவிட்டார். தமிழ்நாட்டு அரசு 1978இல் ஏற்றது. புதிய வடிவம் கையெழுத்தில் இருந்தால் அக்குறிப்பு 1935க்குப் பிற்பட்டது என்று கொள்ளலாம். ஐம்பதுகளில் எழுதப்பட்டது என வேறு சான்று காட்டினால், எழுதியவர் சீர்திருத்த ஏடுகளைப் படித்தவர் என்றும் ஊகிக்கலாம். பழைய வடிவம் இருப்பதிலிருந்து எதையும் கூற இயலாது. முதியவர் பலர் இறுதிவரை பழைய வடிவத்திலேயே எழுதினர். ஒரே சான்று ஒரு திசையில் வலுவாகவும் மறு திசையில் வலுவற்றும் இருப்பது வரலாற்றில் இயல்பு. மாணவர்க்கு இதை விளக்க இதைவிட எளிய எடுத்துக்காட்டு நமக்குக் கிடைக்கவில்லை.

இனி, மொழியியலார்க்கு மிகவும் உவப்பான பகுதிக்கு வருவோம். 'நாங்கள் தேக்காவில் எடுத்த படம்' என்பதற்கும் 'நாம் தேக்காவில் எடுத்த படம்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஆங்கிலம் காட்டாது, தமிழ் காட்டும். 'நாங்கள்' என்றால் படத்தைப் பெற்றவர் உடனில்லை. ஊரில் இருப்பவருக்கு இங்கிருந்து அனுப்பப்பட்டது என்று கொள்ள இடமுண்டு. 'நாம்' என்றால் பெற்றவரும் அங்கே இருந்தவர். படத்தில் நிற்போருள் ஒருவராகவும் இருக்கலாம். எல்லாரும் இவ்வேறுபாட்டைப் பேணி எழுதினர் என்று சொல்லமாட்டோம். ஆனால் பேணியவர் கையெழுத்து கிடைத்தால், ஒரு பிரதிப்பெயர் ஓர் ஆளைக் காட்டிக்கொடுக்கும்.

உறவுச்சொல்லோ அதனினும் நுட்பமானது. உறவுச்சொல் ஒருவரின் பெயரன்று. சொல்பவர் நிற்கும் இடத்திலிருந்து நீளும் ஒரு கோடு. 'அண்ணன்' என்று பின்புறம் எழுதியிருந்தால், முதலில் கண்டறிய வேண்டியவர் எழுதியவர். அண்ணனை அதன்பின் தேடலாம். கையெழுத்து தந்தையுடையதா அத்தையுடையதா என்று தெரியாமல் அண்ணனைத் தேடினால் ஒரு தலைமுறையே தவறிப்போகும். 'மாமா' மேலும் சிக்கலானது. தாயின் உடன்பிறந்தான், தந்தையின் உடன்பிறந்தாள் கணவன், மனைவியின் அல்லது கணவனின் தந்தை என மூவரையும் அச்சொல் தழுவும். மாமன் மகளை மணந்த குடும்பத்தில் மூவரில் இருவர் ஒருவராகவே இருப்பதும் உண்டு.

சிங்கப்பூரில் இச்சிக்கல் இன்னும் ஒரு மடங்கு கூடுகிறது. தஞ்சை, இராமநாதபுரம், திருநெல்வேலி, யாழ்ப்பாணம், செட்டிநாடு என்று பல வட்டாரத் தமிழர் ஒரே நகரில் கலந்து வாழ்ந்தனர். 'ஆச்சி' என்று ஒரு படத்தின் பின்னே எழுதியிருக்கிறது. யாழ்ப்பாணத்தார் வீட்டிலும் நெல்லைச் சைவர் வீட்டிலும் ஆச்சி என்பவர் பாட்டி. நகரத்தார் வீட்டில் ஆச்சி என்பவர் அக்காளாக இருக்கலாம். அதனால், இருபது வயது மங்கையின் படத்தின்பின் 'ஆச்சி' என்று கண்டு, படம் மாறிவிட்டது என்று எண்ணிவிடக்கூடாது. இலங்கை முஸ்லிம் குடும்பங்கள் சிலவற்றில் அக்காளை 'தாத்தா' என்றே அழைப்பர். தமிழகத்தில் வளர்ந்தவர் அதைப் படித்தால், முக்காடிட்ட அந்த இளம்பெண்ணை விட்டுவிட்டு, படத்தில் இல்லாத ஒரு கிழவரைத் தேடிக்கொண்டிருப்பார். எந்த வட்டார வழக்கு என்று அறிவது ஒரு தனிப் பாடமாக வகுப்பில் வைக்கத்தக்கது. படம் இருந்தால் மாணவர் அதை ஆர்வத்தோடு கற்பர்.

ஆளைவிட இடத்தை அறிவது எளிது என்று தோன்றும். நிலையத்தில் எடுத்த படமாயின் அதில் இடமே இல்லை. மாடிப்படியும் ஏரியும் மலையும் திரைச்சீலையில் தீட்டியவை. அங்கே நம்பத்தக்கது, அட்டையின் ஓரத்தில் அழுத்திப் பதித்த நிலையத்தின் பெயரும் தெருவுமே. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அருகிவரும் ஆவணங்களுக்கான திட்டத்தின் துணையோடு தமிழகத்து நிலையப் படங்களை மின்வடிவில் திரட்டியுள்ளது. கடல் கடந்து இங்கு வந்த படங்களை அவற்றோடு ஒப்பிட வாய்ப்பிருக்கிறது. திரைச்சீலையும் நாற்காலியும் ஒத்துப்போனால் படம் அக்கரையில் எடுத்ததா இக்கரையில் எடுத்ததா என்பது விளங்கக்கூடும்.

வெளியில் எடுத்த படமாயின் ஊர்ப்பெயர்கள் நம்மை இழுத்துச் செல்லும். 'கம்பத்தில் எடுத்தது' என்ற குறிப்பைக் கண்டு தேனி மாவட்டத்துக் கம்பத்திற்குக் கடிதம் எழுதத் தேவையில்லை. மலாய்மொழிக் 'கம்போங்' இங்கே தமிழில் கம்பம் ஆயிற்று. கம்போங் கப்போர் வட்டாரத்தைத் தமிழர் 'சுண்ணாம்புக் கம்பம்' என்றனர். மலாய்ப் பெயரின் பொருளும் அதுவே. சாலையைச் 'சடக்கு' என்று எழுதியிருந்தால், எழுதியவர் இம்மண்ணின் பழைய பேச்சை அறிந்தவர். 'கிட்டங்கி' என்றால் மார்க்கெட் தெருவில் நகரத்தார் தொழில் நடத்தியும் தங்கியும் வந்த நீண்ட கூடங்கள். அவை இன்று இல்லை. 'லிட்டில் இந்தியா' என்று எழுதியிருந்தால், படம் எவ்வளவு பழையதாயினும் குறிப்பு பிற்காலத்தது. அப்பெயர் பரவலாகி, அவ்வட்டாரம் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது 1989இல்தான். அதற்குமுன் நம்மவருக்கு அது தேக்கா, அல்லது சிராங்கூன் சாலை.

தேக்கா என்ற சொல்லே ஒரு பொறியை உள்ளடக்கியது. 'மூங்கிலடி' என்று பொருள்படும் ஹொக்கியன் தொடரின் வழிவந்த இப்பெயர் சந்தையைக் குறிக்கும்போது, எந்தச் சந்தை என்று கேட்கவேண்டும். 1915இல் கட்டிய கண்டாங் கெர்பாவ் சந்தை சிராங்கூன் சாலையின் எதிர்ப்பக்கத்தில் இருந்தது, 1982இல் இடிக்கப்பட்டது. இன்றுள்ள கட்டடம் அவ்வாண்டில் ஜூஜியாவ் நிலையம் என்ற பெயரில் திறக்கப்பட்டு, 2000இல் தேக்கா நிலையம் ஆயிற்று. அறுபதுகளின் படத்தை எடுத்துக்கொண்டு இன்றைய சந்தையின் வாசலில் நின்று கோணம் தேடுபவர், சாலையைக் கடக்காதவரை எதையும் காணமாட்டார்.

கட்டடங்களும் வண்டிகளும் ஆண்டைக் குறுக்கித் தரும். சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலின் இப்போதைய கோபுரம் 1925இல் எழுந்தது. அதற்கு முந்தியது ஒடுங்கிய, சிற்பம் குறைந்த அமைப்பு. தெருவில் தண்டவாளம் தெரிந்து மேலே மின்கம்பி ஓடினால், 1905 முதல் 1927 வரை ஓடிய டிராம் வண்டிக் காலத்தை நினைக்கலாம். தண்டவாளமின்றி இரட்டைக் கம்பி மட்டும் இருந்தால், 1926 முதல் 1962 வரை ஓடிய டிராலிப் பேருந்துக் காலம். கப்பல்துறையில் மாலையிட்டு வழியனுப்பும் படத்தில் 'ரஜூலா' என்ற பெயர் தெரிந்தால், அக்கப்பல் கட்டப்பட்ட 1926க்கும் அப்பெயரில் அதன் ஓட்டம் முடிந்த 1973க்கும் இடைப்பட்டது அப்படம். எல்லாவற்றுக்கும் முன்னே, படம் இடவலம் மாறி அச்சாகியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். பழைய நெகட்டிவைத் திருப்பி வைத்துப் படியெடுப்பது சாதாரணமாக நேரும் தவறு. கடைப் பலகையின் எழுத்து தலைகீழாகத் தெரிந்தால் ஐயமில்லை. எழுத்தில்லாத படத்தில் முந்தானை எந்தத் தோளில் என்று பார்ப்பது உதவும்.

இவ்வளவும் செய்தபின் எஞ்சுவது முதியவர் நினைவு. அது மட்டுமே காத்திருக்காத சான்று. வாய்மொழி வரலாற்றைத் திரட்டும் பணி இங்கு 1979இல் தொடங்கியது. விவரமில்லாத படங்களைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து விவரம் கேட்கும் 'குடிமக்கள் ஆவணக் காப்பாளர்' திட்டத்தைத் தேசிய ஆவணக் காப்பகம் 2015இல் ஏற்படுத்தியது. அதே ஆண்டு கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையமும் திறக்கப்பட்டது. ஆனால் இந்நிறுவனங்கள் எட்டாத இடம் நம் வீட்டுக் கூடம். அங்கே பாட்டியின் பக்கத்தில் அமரக்கூடியவர் பேரப்பிள்ளைதான்.

அமர்ந்து எப்படிக் கேட்பது? 'இது பெரியப்பாதானே?' என்று கேட்கக்கூடாது. தலையசைப்பே பதிலாக வரும். நாம் சொன்னதை நமக்கே திருப்பித் தருவதாக முடியும். 'இந்தப் படத்தைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று விட்டுவிடவேண்டும். அவர் எந்தத் தமிழில் சொல்கிறாரோ அந்தத் தமிழிலேயே பதியவேண்டும். 'அவன் அப்பவே கப்பலேறிட்டான்' என்ற பேச்சை 'அவர் அப்போதே கப்பலேறினார்' என்று திருத்தி எழுதினால், சொன்னவரைவிட அவர் இளையவர் என்ற சான்று அழிந்துபோகும்.

அதனினும் முக்கியமானது ஓர் இடைச்சொல். 'இவர் எங்க பெரியப்பா' என்பதும் 'இவர் எங்க பெரியப்பாவாம்' என்பதும் ஒன்றல்ல. முன்னதில் சொல்பவர் தாமே அறிந்து சொல்கிறார். பின்னதில் பிறர் சொல்லக் கேட்டதைச் சொல்கிறார். 'ஆம்' என்னும் இந்த ஒட்டு, செய்தி எவ்வழி வந்தது என்பதைக் காட்டும் இலக்கணக் கருவி. நாம் அதை ஆங்கிலத்தில் பட்டியலிடும்போதோ செந்தமிழில் செப்பனிடும்போதோ முதலில் உதிர்வது இதுவே. உதிர்ந்தவுடன் கேள்விச் செய்தி கண்கூடான உண்மையாகிவிடுகிறது. பிறகு அப்பெயர் ஒரு நினைவு மலரில் அச்சாகிறது. அடுத்த தலைமுறை மலரைச் சான்றாகக் காட்டுகிறது. பெயரில்லாத படத்திற்கு என்றேனும் பெயர் கிடைக்கலாம். தவறான பெயர் ஏறிய படத்திற்குச் சரியான பெயரைத் தேடுவார் எவருமில்லை. எனவே பெயரோடு மூன்று செய்திகள் வரவேண்டும்: யார் சொன்னார், எப்போது சொன்னார், 'ஆம்' போட்டுச் சொன்னாரா.

பெண்கள் பற்றித் தனியே சொல்லவேண்டும். பழைய குறிப்புகளில் ஆண்களுக்குப் பெயரும், பெண்களுக்கு 'இன்னாரின் சம்சாரம்', 'இன்னாரின் தாயார்' என்ற தொடரும் இருப்பது மிகுதி. கணவன் பெயரைச் சொல்லாத வழக்கம் அவன் பெயரைக்கூட மறைத்துவிடும். பாட்டி 'அவுக' என்று மட்டுமே சொல்வார். இங்கு 1948இல் தொடங்கிய அடையாள அட்டைப் பதிவு ஒரு வகையில் துணைசெய்கிறது. அட்டைக்கு முகப்படமும் முழுப்பெயரும் வேண்டியிருந்தன. குடும்பக் குழுப்படத்தில் 'தாயார்' என்று மட்டும் குறிக்கப்பட்டவரின் பெயர், பழைய அட்டையையோ மகப்பேற்றுச் சான்றிதழையோ தேடினால் கிடைக்கக்கூடும். பள்ளிப் படங்கள் இன்னும் எளியவை. 1946இல் தோன்றி 1982இல் மூடப்பட்ட உமறுப்புலவர் தமிழ்ப்பள்ளி போன்றவற்றில் பயின்றவர் பலர் இன்றும் நம்மிடையே உள்ளனர். வகுப்புப் படத்தில் வரிசை வரிசையாகப் பெயர் சொல்ல அவர்களால் இயலும். அப்பணியை ஆசிரியர்கள் அடுத்த பள்ளி விடுமுறைக்கே எடுத்துக்கொள்ளலாம்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஊரில் ஒரு குடும்பமும் இங்கொரு குடும்பமுமாக வாழ்ந்த ஆண்கள் இருந்தனர். படத்தில் அவர் அருகில் அமர்ந்திருக்கும் பெண் யார் என்ற கேள்விக்கு முதியவர் ஒருவர் பேசாமல் படத்தைக் கீழே வைத்துவிட்டால், அதுவும் ஒரு பதில். மாணவர் அங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும். வீட்டுக் குறிப்பேட்டில் எழுதத்தக்கது வேறு, பொதுக் காப்பகத்திற்குத் தரத்தக்கது வேறு. உயிரோடிருப்பவர் இசைவின்றி எதுவும் வெளியே போகலாகாது.

எவ்வளவு முயன்றும் பெயர் கிட்டாத முகங்கள் இருக்கவே செய்யும். அவர்களைப் பட்டியலில் 'தெரியாதவர்' என்று ஒரு சொல்லில் முடித்துவிடாமல், கண்டதை எழுதிவைப்பது நல்லது: 'இடக்கோடியில் நிற்கும் பெண், ஏறத்தாழ முப்பது வயது, கட்டம் போட்ட சேலை, வலக்கையில் மட்டும் வளையல், பக்கத்துச் சிறுவனின் தோளில் அவர் கை இருக்கிறது.' போர்ட்வில்லில் அந்தத் தாய்க்குக் கிடைத்ததும் இத்தகைய சில வரிகளே.